இரண்டாவது பாதையும் அதன் அபாயமும்
கணிப்பொறி வலைப்பின்னல்களில் வளையங்களைத் தடுக்கும் முறைகள்

2002-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் பிற்பகலில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையத்தின் கணிப்பொறிகள் தயங்கித் தயங்கிச் செயற்படத் தொடங்கின. சிறிது நேரத்தில் அவை பதில் தருவதையே நிறுத்திக்கொண்டன. கணிப்பொறிகளில் பழுது ஏதும் இல்லை. அவற்றில் சேமித்து வைக்கப்பட்டிருந்த நோயாளிகளின் விவரங்களும் அழியவில்லை. அவ்விவரங்களைக் கட்டடத்திலிருந்து கட்டடத்திற்கும், மாடியிலிருந்து மாடிக்கும் கொண்டு சேர்க்கும் வலைப்பின்னலே முடங்கியிருந்தது. மருத்துவர்களின் உத்தரவுகளும் ஆய்வுக்கூட முடிவுகளும் மீண்டும் தாளில் எழுதப்பட்டு ஆட்கள் மூலம் அனுப்பப்பட்டன. அவசர சிகிச்சைப் பிரிவு சில மணி நேரம் புதிய நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி விட நேர்ந்தது. நிலைமை சீரடைய ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆயின.

இது வெளியார் எவரும் செய்த சதியன்று. வைரஸ் நிரலின் வேலையுமன்று. ஒரு வலைப்பின்னல், தன் வழியே செல்லும் செய்திகளைத் தானே சுழலவிட்டுத் தன்னை மூச்சுத் திணற வைத்துக்கொண்டது. மருத்துவ மையம் இந்நிகழ்ச்சியை மறைக்கவில்லை; அதன் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஜான் ஹலாம்கா நடந்தவற்றை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 2003-ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் மருத்துவ இதழே இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. வலைப்பின்னல் பொறியாளர்களுக்குள் அடங்கியிருந்த ஒரு சிக்கல் மருத்துவர்களின் கவனத்திற்கு வந்தது அப்போதுதான்.

இன்று நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு வழங்குவதற்குத் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘இ-ஹாஸ்பிடல்’ பயன்படுகிறது. கருவூலம், பத்திரப் பதிவு, நில ஆவணங்கள், பல்கலைக்கழகத் தேர்வுப் பணிகள் ஆகியவையும் கணிப்பொறிகளை நம்பியே நடைபெறுகின்றன. ஆகவே அந்தப் பாஸ்டன் பிற்பகலில் நேர்ந்தது என்ன என்பதை அலுவலர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது பயனுடையது.

ஏன் இரண்டாவது பாதை?

ஓர் ஊருக்கு ஒரே பாலம் இருந்தால், வெள்ளத்தில் அது அடித்துச் செல்லப்படும் நாளில் ஊர் தனித்துப் போகிறது. வலைப்பின்னல்களுக்கும் இது பொருந்தும். சாலைப் பணிக்காகத் தோண்டும்போது கேபிள் அறுபடுவது நம் நாட்டில் அன்றாட நிகழ்ச்சி. எனவே முக்கியமான இடங்களை இரு வழிகளில் இணைப்பது பொறியியலின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. 2023 ஆகஸ்டு மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்தியமைக்கப்பட்ட பாரத்நெட் திட்டம், 2.64 லட்சம் கிராம ஊராட்சிகளை வளைய அமைப்பில் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்க வகை செய்கிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் செய்தி போய்ச் சேரும் என்பதே வளையத்தின் நோக்கம்.

பாரத்நெட் போன்ற பெரும் வலைப்பின்னல்களில் இதைக் கையாள ரவுட்டர்கள் உள்ளன. ரவுட்டர்கள் செல்லும் வழியை ஆராய்ந்து செய்தியை அனுப்புபவை. அவற்றுக்கு வளையம் பெரிய தொல்லையன்று. ஆனால் ஓர் அலுவலகத்திற்குள், ஒரு கல்லூரி வளாகத்திற்குள், ஒரு மருத்துவமனைக்குள் கணிப்பொறிகளை இணைப்பவை பெரும்பாலும் ஈதர்நெட் சுவிட்சுகளே. அங்கு நல்லெண்ணத்தோடு போடப்படும் இரண்டாவது கேபிள், தக்க காவல் இல்லாவிட்டால், ஒரு நொடிக்குள் முழு வலைப்பின்னலையும் வீழ்த்திவிடக் கூடும்.

சுவிட்ச் செய்யும் வேலை

ஈதர்நெட் முறை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது. அப்போது அது ஒரே கேபிளில் பல கணிப்பொறிகளைத் தொங்கவிடும் ஏற்பாடு. ஒரே கேபிள் என்பதால் வளையம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு இரண்டு கேபிள்களைச் சேர்ப்பதற்குப் ‘பாலம்’ என்ற கருவி வந்தது. இன்றைய சுவிட்ச் பல வாயில்கள் கொண்ட ஒரு பாலமே, அவ்வாயில்களே போர்ட்கள்.

சுவிட்ச் மிக எளிய அறிவுடைய கருவி. ஒரு போர்ட் வழியாக ஒரு செய்திப் பொதி வந்தால், அதை அனுப்பிய கணிப்பொறியின் முகவரியைப் பார்த்து, ‘இன்னார் இந்தப் பக்கம் இருக்கிறார்’ என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பிறகு பெறுநரின் முகவரியைப் பார்க்கும். அது அட்டவணையில் இருந்தால் உரிய போர்ட்டில் மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்களிலும் நகல்களை அனுப்பிவிடும். ‘எல்லோருக்கும்’ என்று முகவரியிட்ட பொது அறிவிப்புகளையும் அப்படியே செய்யும். ஊரில் தேடப்படுபவரின் வீடு தெரியாத தபால்காரர், கடிதத்தை நகலெடுத்து எல்லாத் தெருக்களுக்கும் அனுப்புவதைப் போன்றது இது. முரட்டு வழிதான், ஆயினும் யாரும் எதையும் முன்கூட்டி எழுதி வைக்காமலே வலைப்பின்னல் இயங்குவதற்கு இதுவே காரணம்.

இனி, அ, ஆ, இ என்னும் மூன்று சுவிட்சுகள் முக்கோணமாக இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்ளலாம். அ-வில் இணைந்த ஒரு கணிப்பொறி பொது அறிவிப்பு ஒன்றை அனுப்புகிறது. அ அதை ஆ-வுக்கும் இ-க்கும் அனுப்பும். ஆ, தனக்கு வந்ததை இ-க்கு அனுப்பும். இ, தனக்கு வந்ததை ஆ-வுக்கு அனுப்பும். இரண்டும் அவற்றை மீண்டும் அ-வுக்கே அனுப்பும். அ, அவற்றைப் புதிய அறிவிப்புகளாகக் கருதி மறுபடியும் அனுப்பும். இவ்வாறு ஒரே அறிவிப்பு முக்கோணத்தை இரு திசைகளிலும் ஓய்வின்றிச் சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் சுவிட்சில் இணைந்த எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரு நகல் போகிறது. வளையங்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால் நகல்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும்.

இதற்கு முடிவே இல்லையா? இணையத்தில் செல்லும் ஐ.பி. பொதிகளில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். பூச்சியமானதும் பொதி அழிக்கப்படும். அந்த எண் 255-க்கு மேற்பட முடியாது. ஈதர்நெட் பொதியில் அத்தகைய ஆயுள் எண் கிடையாது. ஒற்றைக் கேபிளுக்காகப் பிறந்த முறையில் அதற்குத் தேவை இருக்கவில்லை. எனவே வளையத்தில் விழுந்த பொதி, யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதையும் காண வேண்டும். நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பில் 64 பைட் அளவுள்ள மிகச் சிறிய பொதிகள் நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் செல்ல முடியும். புயல் மூண்ட ஓரிரு நொடிகளில் இணைப்பு முழுவதும் பழைய அறிவிப்பின் நகல்களாலேயே நிறைந்துவிடுகிறது. பயனுள்ள செய்திக்கு இடமில்லை. அனுப்புநர் ஒரு நொடியில் இந்தப் பக்கமும் அடுத்த நொடியில் அந்தப் பக்கமும் இருப்பதாகத் தோன்றுவதால் சுவிட்சுகளின் அட்டவணைகளும் குழம்புகின்றன. கோளாற்றைச் சரிசெய்ய முயலும் பொறியாளர் தம் மேசையிலிருந்து சுவிட்சை அணுகவும் முடிவதில்லை. அவருடைய கட்டளையும் அதே நெரிசலில்தான் செல்ல வேண்டியுள்ளது. எனவே அவர் மாடி மாடியாக ஏறிக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க நேர்கிறது.

மின்கம்பியிலிருந்து வந்த கணிதம்

வளையம் இல்லாமல் எல்லா இடங்களையும் இணைக்கும் அமைப்பைக் கணிதத்தில் மரம் என்பர். கிளைகள் பிரியலாம், பிரிந்தவை மீண்டும் கூடுவதில்லை. பத்து இடங்களை மரமாக இணைக்க ஒன்பது இணைப்புகள் போதும். பத்தாவது இணைப்பு எங்கே வந்தாலும் ஒரு வளையம் உண்டாகும். எல்லா இடங்களையும் தழுவும் மரத்தை அளாவு மரம் எனலாம்; பொறியாளர் வழக்கில் ‘ஸ்பானிங் ட்ரீ’ என்பது இதுவே. மின்சுற்றுகளை ஆராய்ந்த கிர்க்காஃப் 1847-ஆம் ஆண்டிலேயே இத்தகைய மரங்களைப் பயன்படுத்தினார். 1926-ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியக் கணித அறிஞர் ஒட்டகார் போருவ்கா, மொரேவியாப் பகுதிக்கு மிகக் குறைந்த செலவில் மின்கம்பி இழுப்பது எவ்வாறு என்ற கேள்வியிலிருந்து மிகச் சிறிய அளாவு மரத்தைக் காணும் வழிமுறையை அமைத்தார். ஊரக மின்மயமாக்கலின் தேவையிலிருந்து பிறந்த இக்கணிதம் இன்று உலகெங்கும் பாடநூல்களில் இடம் பெற்றுள்ளது.

ஆனால் போருவ்காவின் முறைக்கு முழு வரைபடமும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். சுவிட்சுகளின் உலகில் அப்படி ஒருவர் இல்லை. ஒவ்வொரு சுவிட்சும் தன் அண்டை அயலாரை மட்டுமே அறியும். தலைமை அலுவலகம் இல்லாமல், வரைபடம் இல்லாமல், அவை தமக்குள் பேசி ஒரு மரத்தை ஒப்புக்கொள்ள முடியுமா? 1980-களின் நடுப்பகுதியில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி இக்கேள்விக்கு விடை கண்டார். வலைப்பின்னல் எவ்வளவு வளர்ந்தாலும் ஒவ்வொரு பாலத்துக்கும் தேவைப்படும் நினைவகம் வளராதவாறு அவர் முறையை அமைத்தது அதன் சிறப்பு. 1985-ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வுரையின் சுருக்கத்தை அவர் ‘அல்கோரைம்’ என்ற கவிதையாகவே எழுதினார். பொறியியல் ஆய்வுரைகளில் இத்தகைய குறும்பு அரிது. 1990-ஆம் ஆண்டில் அம்முறை ஐ.இ.இ.இ. அமைப்பின் 802.1டி தரநிர்ணயத்தில் இடம் பெற்றது.

மரம் உருவாகும் விதம்

முறை இதுதான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முன்பகுதி நிர்வாகி மாற்றக்கூடிய முன்னுரிமை எண். பின்பகுதி ஆலையிலேயே பதிக்கப்பட்ட முகவரி. சுவிட்சுகள் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றன. பொறியாளர்கள் இதைப் பி.பி.டி.யு. என்பர், இங்குப் பாலச் செய்தி எனலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு சுவிட்சும் ‘நானே வேர்’ என்று அறிவிக்கிறது. தன்னைவிடக் குறைந்த அடையாள எண்ணுள்ள சுவிட்சைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அது தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறது. விரைவில் எல்லாச் சுவிட்சுகளும் ஒரே வேரை ஏற்றுக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொரு சுவிட்சும் வேரை அடைய மிகக் குறைந்த செலவுள்ள போர்ட்டைத் தேர்ந்துகொள்கிறது. மரத்தில் சேராத இணைப்புகள் ஒரு முனையில் அடைக்கப்படுகின்றன. அடைக்கப்பட்ட போர்ட்டில் செய்திகள் செல்லா. ஆனால் அது பாலச் செய்திகளைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

செலவு என்பது இங்கு வேகத்தைப் பொறுத்தது. வழக்கமான கணக்கில் நொடிக்கு 100 மெகாபிட் இணைப்புக்குச் செலவு 19. ஒரு ஜிகாபிட் இணைப்புக்கு 4. முன் சொன்ன முக்கோணத்தில் அ வேர் என்றும், இ-யிலிருந்து அ-வுக்கு நேரே உள்ளது 100 மெகாபிட் இணைப்பு என்றும், மற்ற இரண்டும் ஜிகாபிட் இணைப்புகள் என்றும் கொண்டால், இ நேர்வழியை விட்டு ஆ வழியாகவே அ-வை அடையும். ஏனெனில் நேர்வழியின் செலவு 19, சுற்றுவழியின் செலவு 8. நேர் இணைப்பு உறங்கிக் கிடக்கும். ஆ வழி அறுபட்டால் அது விழித்துக்கொள்ளும். இரண்டாவது பாதையை வைத்திருக்கவும் வேண்டும், அதைப் பயன்படுத்தாமலும் இருக்க வேண்டும் என்ற முரண்பாடு இவ்வாறு தீர்க்கப்படுகிறது.

வேர் எது என்பதை நிர்வாகி தீர்மானிக்காவிட்டால் என்ன நிகழும்? எல்லாச் சுவிட்சுகளும் 32768 என்ற அதே முன்னுரிமை எண்ணோடு ஆலையிலிருந்து வருகின்றன. அப்போது பதிக்கப்பட்ட முகவரியில் குறைந்த எண் உடையதே வேராகும். ஒரே நிறுவனத்தின் கருவிகளில் குறைந்த எண் பெரும்பாலும் பழைய கருவிக்கே இருக்கும். அதாவது, தகுதி பார்க்காமல் பணிமூப்பு அடிப்படையில் மட்டும் பதவி உயர்வு தருவதற்கு ஒப்பானது இது. பதிவறை மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சுவிட்ச் முழு வளாகத்துக்கும் வேராகி, எல்லாப் போக்குவரத்தும் அதன் வழியே இழுக்கப்பட்ட அலுவலகங்கள் பல. மையச் சுவிட்சின் முன்னுரிமை எண்ணைக் குறைத்து, அதற்கு மாற்றாக இன்னொன்றை அடுத்த எண்ணில் வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

மௌனம் சம்மதமா?

இம்முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் உள்ளன. அடைக்கப்பட்ட போர்ட் எப்போது திறக்கும்? பாலச் செய்திகள் வருவது நின்றுபோனால் திறக்கும். செய்தி வரவில்லையென்றால் மறுபக்கப் பாதை அறுந்துவிட்டது என்று அது முடிவு செய்கிறது. பழைய முறையில் 20 நொடி காத்திருக்கும். பிறகு 15 நொடி செவிமடுக்கும். மேலும் 15 நொடி முகவரிகளைக் கற்றுக்கொள்ளும். ஆக 50 நொடிகளில் திறந்துகொள்ளும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது சுவிட்சின் கொள்கை. பாதை உண்மையிலேயே அறுந்திருந்தால் இது சரியே. ஆனால் பாதை நன்றாக இருந்து, பாலச் செய்தி மட்டும் வராமற் போனால்? திறக்கக் கூடாத போர்ட் திறக்கிறது, வளையம் பூர்த்தியாகிறது, புயல் தொடங்குகிறது.

செய்தி மட்டும் வராமற் போவது எப்படி என்று ஐயுறலாம். கண்ணாடி இழை இணைப்பில் போக ஓர் இழையும் வர ஓர் இழையுமாக இரண்டு இழைகள் உண்டு. ஒன்று மட்டும் பழுதானால், ஒரு திசையில் ஊமையாகவும் மறு திசையில் நலமாகவும் இணைப்பு நீடிக்கக்கூடும். சுவிட்சின் மையச் செயலகம் வேறு வேலையில் திணறி, பாலச் செய்தியை உரிய நேரத்தில் அனுப்பத் தவறலாம். இணைப்பே பெருந்தரவுகளால் நிறைந்து பாலச் செய்தி தொலைந்து போகலாம். வேரிலிருந்து சுவிட்சுகளின் தொடர் மிக நீண்டு, செய்தி கடைக்கோடிக்கு வருவதற்குள் காலாவதியாகலாம். வழக்கமான கால அளவுகள், வலைப்பின்னலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இல்லை என்ற கணக்கில் அமைந்தவை.

பாஸ்டனில் நடந்தது இந்த வகையைச் சேர்ந்தது. 1996-ஆம் ஆண்டில் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவானது அந்நிறுவனம். வலைப்பின்னல் ஆண்டுதோறும் ஒரு துண்டாக ஒட்டப்பட்டு வளர்ந்து, ஏழு என்ற எல்லையைச் சில பகுதிகளில் கடந்திருந்தது. ஒவ்வொரு துண்டும் சேர்க்கப்பட்டபோது எல்லாம் நன்றாகவே இயங்கியது. எனவே எல்லை மீறப்பட்டதை யாரும் உணரவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெரும் தரவு ஓட்டம் வலைப்பின்னலை நிரப்பிய அன்று மரம் குலைந்தது. அந்த ஆராய்ச்சியாளர்மீது குற்றம் சொல்வதில் பொருளில்லை. அன்று அவர் இல்லாவிடில் வேறொரு நாள் வேறொருவர் தூண்டியிருப்பார்.

காவல்கள்

மேற்கண்ட பலவீனத்தை உணர்ந்த சுவிட்ச் உற்பத்தியாளர்கள் மரத்தைச் சுற்றிச் சில வேலிகளை அமைத்தனர். அவை தரநிர்ணயத்தின் பகுதியாகப் பிறந்தவையல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் சிறிது மாறும். கருத்து ஒன்றே.

முதலாவது, மௌனத்தை ஐயத்தோடு நோக்கும் ‘லூப் கார்ட்’, அதாவது வளையக் காவல். இது இயங்கும் போர்ட்டில் பாலச் செய்தி நின்றால் போர்ட் திறப்பதில்லை. மாறாக, செய்தி மீண்டும் வரும்வரை அடைபட்டே இருக்கும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாமல் கோளாறாகக் கொள்வதே இக்காவலின் சாரம். ஓர் இழை மட்டும் பழுதானதைக் கண்டறிய ‘யு.டி.எல்.டி.’ என்ற துணை முறையும் உண்டு. கட்டடங்களுக்கு இடையே கண்ணாடி இழை ஓடும் வளாகங்களில் இவ்விரண்டையும் சேர்த்து அமைப்பது நலம்.

இரண்டாவது, ‘ரூட் கார்ட்’ எனப்படும் வேர்க் காவல். மையச் சுவிட்சில் கீழ்நோக்கிச் செல்லும் போர்ட்களில் இது அமைக்கப்படும். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ‘நான் உன்னைவிடச் சிறந்த வேர்’ என்று அறிவித்தால், அந்தப் போர்ட் அடைபடும். அறிவிப்பு நின்றதும் தானே திறக்கும். ஒப்பந்தக்காரர் ஒருவர் வேறிடத்தில் பயன்படுத்திய சுவிட்சைக் கொண்டுவந்து பொருத்தும்போது, அதன் பழைய அமைப்பு புதிய வளாகத்தின் மரத்தையே புரட்டிப் போடாமல் இது காக்கிறது.

மூன்றாவது காவல் விளங்க வேண்டுமானால் அதற்கு முந்திய ஒரு சலுகையைச் சொல்ல வேண்டும். ஒரு கணிப்பொறியைச் சுவிட்சில் இணைத்ததும், பழைய முறைப்படி அந்தப் போர்ட் 30 நொடி காத்த பிறகே திறக்கும். அதற்குள் கணிப்பொறி முகவரி கேட்டுச் சலித்து, ‘வலைப்பின்னல் இல்லை’ என்று அறிவித்துவிடும். ஊழியர்களின் புகார்களுக்கு விடையாக வந்ததே ‘போர்ட்ஃபாஸ்ட்’. கணிப்பொறியோ அச்சுப்பொறியோ மட்டும் இணையும் ஓரப் போர்ட்கள் காத்திராமல் உடனே திறக்க இது வகை செய்கிறது. சலுகை நியாயமானதே. ஆனால் அந்தப் போர்ட்டில் ஒருவர் கணிப்பொறிக்குப் பதில் இன்னொரு சுவிட்சை இணைத்துவிட்டால், காத்திருக்கும் கட்டம் தவிர்க்கப்பட்டு வளையம் உடனே உண்டாகும். ஆகவே சலுகையோடு ‘பி.பி.டி.யு. கார்ட்’ என்ற காவலும் சேர்ந்தே வர வேண்டும். ஓரப் போர்ட்டில் ஒரே ஒரு பாலச் செய்தி வந்தாலும் இக்காவல் போர்ட்டை முற்றாக மூடிவிடும்; நிர்வாகியோ, குறிக்கப்பட்ட கால அளவோ திறக்கும்வரை அது மூடியே இருக்கும். கடுமையானதுதான். ஒரு மேசையின் இணைப்பு போவதா, நூறு மேசைகளின் இணைப்பு போவதா என்ற கேள்விக்கு அது அளிக்கும் விடை அது.

பெயரில் ஒத்திருந்து பொருளில் மாறுபடும் ‘பி.பி.டி.யு. ஃபில்டர்’ என்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு போர்ட்டில் இதை நேரடியாக அமைத்தால், அந்தப் போர்ட் பாலச் செய்திகளை அனுப்பவும் செய்யாது, ஏற்கவும் செய்யாது. அங்கு மரம் இல்லை என்பதே இதன் பொருள். இரண்டும் ஒன்றென எண்ணிக் காவலுக்குப் பதில் இதை அமைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. காவலாளியைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவு பத்திரமாக இருப்பதாக நம்புவது இது.

மேசைக்கு அடியில்

பெரும்பாலான வளையங்கள் கருவி அறையில் பிறப்பதில்லை. அலுவலகத்தில் ஒரு மேசைக்கு இரண்டு கணிப்பொறிகள் தேவைப்படும்போது, கடையில் எளிதில் கிடைக்கும் சிறு சுவிட்ச் ஒன்று வாங்கி மேசைக்கு அடியில் வைக்கப்படுகிறது. கூட்டிப் பெருக்கும்போது கழன்று கிடக்கும் கேபிள் முனையைக் கண்ட ஒருவர், உதவும் எண்ணத்தோடு அதை அருகிலுள்ள காலியான துளையில் செருகுகிறார். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருக்கிறது. இரண்டு துளைகள் கொண்ட மேசைத் தொலைபேசிகளில் இரண்டையும் சுவர் இணைப்புகளில் செருகிவிடுவதும் இதே போன்றதே.

இத்தகைய மலிவான சுவிட்சுகளில் அளாவு மரம் கிடையாது. சில, பாலச் செய்தியைப் பொருள் தெரியாமலே அப்படியே கடத்திவிடும். அப்போது மேல் சுவிட்ச் அனுப்பிய செய்தி அதற்கே திரும்பி வரும், பி.பி.டி.யு. காவல் விழித்து அந்தப் போர்ட்டை மூடிவிடும். வேறு சில, பாலச் செய்தியை விழுங்கிவிடும். அந்நிலையில் மேல் சுவிட்சுக்கு வளையம் இருப்பதே தெரியாது. எல்லாக் காவல்களும் உறங்கும். இதற்கென்றே ‘ஸ்டார்ம் கன்ட்ரோல்’ என்ற புயல் கட்டுப்பாடு உள்ளது. ஒரு போர்ட்டில் பொது அறிவிப்புகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், காரணத்தை ஆராயாமல், மிகுந்தவற்றை அது வெட்டிவிடும் அல்லது போர்ட்டை மூடிவிடும். நோயைக் குணப்படுத்தாவிட்டாலும் பரவாமல் நிறுத்துகிறது. கொள்முதல் செய்யும் அலுவலர்கள் விலைப்புள்ளி கோரும்போது, அளாவு மரமும் இக்காவல்களும் உள்ள, நிர்வகிக்கத்தக்க சுவிட்சுகளையே குறிப்பிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். விலை வேறுபாடு உண்மைதான். ஒரு நாள் கருவூலம் முடங்கினால் ஏற்படும் இழப்போடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

புதிய முறைகள்

2001-ஆம் ஆண்டில் 802.1டபிள்யூ என்ற விரைவு அளாவு மரம் வந்தது. இதில் அண்டைச் சுவிட்சுகள் ஒன்றோடொன்று கேட்டுப் பதில் பெற்றே போர்ட்டைத் திறக்கின்றன. மூன்று பாலச் செய்திகள், அதாவது ஆறு நொடி, வராவிட்டாலே அண்டை இழந்ததாகக் கொள்கின்றன. பெரும்பாலான மாற்றங்கள் ஓரிரு நொடிகளில் முடிகின்றன. 2004-ஆம் ஆண்டின் தரநிர்ணயம் பழைய முறையை விலக்கி இதையே ஏற்றது. எனினும் பழைய கருவிகள் கலந்துள்ள வளாகங்களில் பழைய கால அளவுகள் இன்னும் எட்டிப் பார்க்கின்றன. பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் முறையும், கட்டடத்துக்குக் கட்டடம் ரவுட்டர் வைத்துப் பிரிக்கும் முறையும் மரத்தின் சுமையைக் குறைக்கின்றன. பின்னதன் பயன் பெரிது: ஒரு கட்டடத்தில் புயல் மூண்டாலும் அது அங்கேயே அடங்கும்.

பாஸ்டன் மருத்துவ மையம் இறுதியில் மேற்கொண்டதும் அதுவே. ஒரே பெரும் பரப்பாக இருந்த வலைப்பின்னலை ரவுட்டர்களால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன்னளவில் சிறியதாக இருக்கும்படி மாற்றியமைத்தனர்.

நம் அலுவலகங்களில் இப்பணியைத் தொடங்க விரும்புவோர்க்கு முதலில் வேண்டியது ஒரு வரைபடம். எந்தச் சுவிட்ச் எந்த அறையில் உள்ளது, எது வேர், எந்தப் போர்ட் அடைபட்டுள்ளது, வேரிலிருந்து கடைக்கோடிக்கு எத்தனை சுவிட்சுகள் என்பன அதில் இருக்க வேண்டும். அதைக் கணிப்பொறியில் மட்டும் சேமித்து வைத்தால், புயல் மூண்ட நேரத்தில் திறந்து பார்க்க இயலாது. தாளில் அச்சிட்டுக் கருவி அலமாரியின் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்து, புதிய கேபிள் போடப்படும் ஒவ்வொரு முறையும் தேதியிட்டுத் திருத்த வேண்டும்.